நான்காவது ஆள்

மேலரசம்பட்டில் காணும் பொங்கலன்று
எட்டு கிலோமீட்டர் ஓட்டப்பந்தயம்.
எட்டு என்பது அசோகனின் வண்டி மீட்டர் சொன்ன கணக்கு.
போன வருசம் இதே வழி ஒன்பதரை.
நடுவில் வண்டி மாற்றிவிட்டான்.

பெண்களுக்கு மூன்று பரிசு என்றது நோட்டீஸ்:
எவர்சில்வர் அண்டா, சுவர்க்கடிகாரம், டிபன் கேரியர்.
ஆறு வருசமாய் ஓடுகிறவர்களும் மூன்றே பேர்.
குணவதி, சத்துணவுக்கூடம்.
ஜெபசீலி, ஆரம்ப சுகாதார நிலையம்.
நான், ரேஷன் கடை.
என் வீட்டில் நான்கு கடிகாரங்கள்
நான்கு மணி காட்டுகின்றன.

இந்த வருசம் பேர் கொடுக்கும் மேசையில்
இன்னொருத்தி குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள்.
தஸ்லீமா, பேரணாம்பட்டு, ஷூ கம்பெனி.
முக்காட்டை இறுக்கி ஆறு ஊசி குத்தியிருந்தாள்.
"இன்னாக்கா, இந்த வாட்டி நெஜமாவே போட்டி கீது போல?"
மைக்கில் கேட்டான் அசோகன்.
பந்தல் முழுக்கச் சிரித்தது.
ஸ்கெட்ச் பேனாவால் என் கையில் 31 எழுதினார்கள்,
அவள் கையில் 32.

முதல் வெடி நமுத்துப்போனது.
பாதிப் பேர் அதற்கே ஓடிப்போய்
வெட்கத்தோடு திரும்பி வந்தார்கள்.
அடுத்ததற்குக் காகங்களும் சேர்ந்து கிளம்பின.

சின்னப் பந்தயத்தில் ஒரு சௌகரியம்,
போலீஸ் வேலைக்குப் பயிற்சி எடுக்கும் பையன்கள்
முதல் வளைவிலேயே காணாமல் போய்விடுவார்கள்.
பிறகு சாலை நம்முடையது.
பாதிச் சாலையில் நெல் காய்ந்தது,
மீதியில் நாங்கள்.
ஜவ்வாது மலை இன்னும் பனியை உதறி எழவில்லை.
ஒரு செவலை நாய் 19-ஆம் நம்பரோடு
கடைசிவரை ஓடுவதென முடிவுசெய்து
கறிக்கடை வந்ததும் மனம் மாறியது.

உத்திரகாவேரி மணலில் அரை கிலோமீட்டர்.
போட்ட அடியை முழுசாய்த் திருப்பித் தராது அந்த மணல்,
கையிருப்பில் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும்,
எனக்குத் தெரிந்த சில எடைத்தராசுகளைப் போல.

கரையேறினால் வெல்லக் கொட்டகை.
கொப்பரையில் பாகு குமுறும் வாசனைக்கு
யாருடைய கால்தான் நிற்காது?
அரை டம்ளர் கரும்புச்சாறு குடித்தேன்.
32-ம் பக்கத்தில் நின்று குடித்தாள்.
"இன்னும் எவ்ளோ தூரம்க்கா?"
"அசோகன் வண்டியத்தான் கேக்கணும்."
சிரித்ததில் சாறு அவளுக்கு மூக்கில் ஏறியது.
டம்ளரைக் கவிழ்த்துவிட்டு ஓடினோம்.

அதுவரை வெறும் ஓட்டம்.
புளியமரங்கள் ஆரம்பித்த இடத்தில்
என் முதுகுக்குப் பின்னால் ஒரு மூச்சு கேட்டது.
ஆறு வருசத்தில் முதல் தடவை.
கடையில் என் எதிரில் நாள் முழுக்க வரிசை நிற்கும்,
என்னைத் தாண்டிப் போக நினைத்தவர் யாருமில்லை.
நான் வேகம் எடுத்தேன்.
மூச்சும் எடுத்தது.
இடுப்பு வலி, பில் மிஷின் கோளாறு,
வராத துவரம்பருப்பு எல்லாம்
பள்ளிக்கூட மதில் வரை வந்து உதிர்ந்தன.
பிறகு இரண்டு ஜோடிக் கால்கள் மட்டும்,
தார் மேல் டப் டப் டப்பென்று,
எது யாருடையது என்று தெரியாமல்.

குணவதியும் ஜெபசீலியும் எப்போதோ வந்து
மோர் குடித்துக்கொண்டிருந்தார்கள்.
கயிறு பிடித்த பையன்கள் கயிறை மறந்து
வாய் பிளந்து பார்த்தார்கள்.
அரை அடி.
டிபன் கேரியர் பேரணாம்பட்டு போனது.

"நாலாவதுக்குப் பரிசு இல்லீங்க," என்றது மைக்.
வேப்பமரத்தடியில் குப்புறக் கிடந்தேன்.
மண் என் நெஞ்சடியை எண்ணிக்கொண்டிருந்தது.
நாற்பத்திரண்டு வயதில்
எனக்குள் இப்படியொரு வேகம் இருந்ததை
வீட்டிலிருந்த நான்கு கடிகாரத்தில் ஒன்றாவது
சொல்லியிருக்கலாம்.

கடை திறந்த அன்றும் கையில் 31 அழியவில்லை.
"இன்னாம்மா, நம்பரு?" என்றார் கார்டு நீட்டியவர்.
"டோக்கன்," என்றேன்,
சர்க்கரையைச் சரியாக நிறுத்தபடி.

மாசியில் கணியம்பாடியில் ஆறு கிலோமீட்டராம்.
தஸ்லீமா போன் செய்து சொன்னாள்.
யார் வண்டியில் அளந்தார்கள் என்று
விசாரிக்க வேண்டும்.